உயிரணுவின் ஆற்றலைத் தேடியவர்

பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகம் அறிந்த ஈய வளப் பகுதியாக விளங்கியது. ஈப்போ, லகாட், பத்து காஜா, கோப்பெங் ஆகிய ஊர்களைச் சுற்றி ஈயச் சுரங்கங்கள் இயங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சீனாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்து வந்து இச்சுரங்கங்களில் உழைத்தனர். வேலை கடுமையானது, ஆனாலும் வயிறு நிறையச் சோறு கிடைத்தது. அப்படியிருந்தும் அவர்களுள் பலரை ஒரு விந்தையான நோய் தாக்கியது. முதலில் கால்கள் மரத்துப்போயின, பிறகு வீங்கின. நடக்க முடியாமல் படுத்தவர்களில் பலர், இதயம் தளர்ந்து இறந்தனர். அந்நோய்க்குப் பெரிபெரி என்று பெயர்.

அதே காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் மலாய் மாநிலங்களின் தோட்டங்களிலும் சாலைப் பணிகளிலும் இருப்புப்பாதைப் பணிகளிலும் பாடுபட்டனர். அவர்களுக்கும் சோறுதான் உணவு. அவர்களது வாழ்க்கையும் வறுமை நிறைந்ததுதான். பிற நோய்கள் அவர்களை வாட்டின. ஆயினும் பெரிபெரி மட்டும் அவர்களிடையே மிக அரிதாகவே காணப்பட்டது. ஒரே மண்ணில் வாழ்ந்து, ஒரே தானியத்தை உண்ட இரு பிரிவினருள் ஒரு பிரிவினர் மட்டும் ஏன் மடிந்தனர்?

இக்கேள்விக்கு முழுமையான விடை கிடைக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. நாம் உண்ணும் உணவு உடலின் உயிரணுக்களுக்குள் எவ்வாறு ஆற்றலாக மாறுகிறது என்பதை அறிந்த பின்னரே அவ்விடை தெளிவானது. அந்த அறிவுக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர், சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் பீமாவரம் என்னும் ஊரில் பிறந்தார். இன்று ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கும் அவ்வூர், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தெலுங்கு பேசும் குடும்பம். தந்தை பெயர் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. உடன்பிறந்தோர் பலர். தந்தை வருவாய்த்துறையில் பணியாற்றினார். உடல்நலம் குன்றியதால் அவர் முன்கூட்டியே வேலையை விட நேர்ந்தது. அதனால் வீட்டில் வறுமை குடிபுகுந்தது.

பீமாவரம் அமைந்திருந்த கடற்கரைப் பகுதி நெல் விளையும் செழிப்பான பூமி. எனினும் இந்தியாவில் பெரிபெரி மிகுதியாகக் காணப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. அங்குள்ள மக்கள் பச்சரிசியையே உண்டனர். தமிழ்நாட்டு உழைப்பாளிகளோ பெரும்பாலும் புழுங்கல் அரிசியை உண்டு பழகியவர்கள். இந்த வேறுபாட்டின் பொருளை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை.

சிறுவன் சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. பதின்மூன்று வயதில் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குச் சென்று, அங்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்க வேண்டும் என்பது அவரது எண்ணம். குடும்பத்தார் வழியிலேயே அவரைக் கண்டுபிடித்து அழைத்து வந்தனர். மகன் படித்தே ஆக வேண்டும் என்பதில் தாயார் உறுதியாக இருந்தார். தந்தை இறந்த பின்னரும் அந்த உறுதி தளரவில்லை. தம் நகைகளை விற்று மகனின் கல்விச் செலவை ஈடுகட்டினார். சுப்பாராவ் பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோல்வியுற்றார். மூன்றாம் முறை, சென்னைத் திருவல்லிக்கேணியில் இருந்த இந்து உயர்நிலைப்பள்ளியிலிருந்து எழுதித் தேர்ச்சி பெற்றார்.

பின்னர் மாநிலக் கல்லூரியில் பயின்றார். அக்காலத்தில் அவருக்குத் துறவியாக வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. இராமகிருஷ்ண மடத்தை நாடினார். தாயாரின் இசைவின்றி அவரைச் சேர்த்துக்கொள்ள இயலாது என்று மடத்தினர் கூறிவிட்டனர். மருத்துவம் கற்று மக்களுக்குத் தொண்டாற்றும்படி அவருக்கு அறிவுரையும் கிடைத்தது. சுப்பாராவ் அதை ஏற்றுச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919ஆம் ஆண்டு அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவி பெயர் சேஷகிரி. மாமனார் அவரது படிப்புக்குப் பண உதவி செய்தார்.

காந்தியடிகளின் அழைப்பு நாடெங்கும் ஒலித்த காலம் அது. அந்நியத் துணியைப் புறக்கணித்த சுப்பாராவ், அறுவைச் சிகிச்சைக் கூடத்திலும் கதர் அங்கியையே அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. அதன் விளைவைச் சுப்பாராவ் இறுதித் தேர்வில் அனுபவித்தார். எழுத்துத் தேர்வுகளில் நன்றாகச் செய்திருந்தும், எம்.பி.பி.எஸ். என்னும் முழுப் பட்டம் அவருக்கு வழங்கப்படவில்லை. அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அதனால் அரசு மருத்துவப் பணியில் சேரும் வாய்ப்பு கைநழுவியது.

இதைவிடப் பெரிய துயரம் ஒன்றும் அவரைத் தாக்கியது. அவருடைய சகோதரர் இருவர் எட்டு நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். இருவரையும் கொன்றது வெப்பமண்டல நாடுகளில் காணப்படும் ஸ்புரூ என்னும் குடல்நோய். அந்நோய் கண்டவரின் குடல், உணவிலுள்ள சத்துகளை ஈர்த்துக்கொள்ளும் திறனை இழக்கிறது. உண்ட உணவு பயன்படாமல் கழிந்துபோகிறது. உடல் மெலிகிறது, இரத்தம் குன்றுகிறது. உண்டும் பட்டினி கிடப்பது போன்ற நிலை அது. மருத்துவம் கற்ற சுப்பாராவால் தம் சகோதரர்களைக் காப்பாற்ற முடியவில்லை. அவருக்குத் தெரிந்த எந்த மருந்தும் அந்நோயைத் தீர்க்கவில்லை.

அதே நோய் சுப்பாராவையும் பற்றியது. ஆசந்த லட்சுமிபதி என்னும் ஆயுர்வேத மருத்துவர் அளித்த சிகிச்சையால் அவர் பிழைத்தார். பின்னர் சென்னையிலிருந்த ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் விரிவுரையாளராகச் சேர்ந்தார். மருந்து பயன் தருவதை அவர் தம் உடலிலேயே கண்டிருந்தார். ஆனால், அது ஏன் பயன் தருகிறது, உடலுக்குள் என்ன நிகழ்கிறது என்பதை அறியும் ஆவல் அவருள் வளர்ந்துகொண்டே இருந்தது. அந்த ஆய்வுக்குத் தேவையான கருவிகளும் பயிற்சியும் அவருக்குச் சென்னையில் கிடைக்கவில்லை.

காக்கிநாடாவில் இருந்த ஓர் அறநிலையமும் மாமனாரும் பண உதவி செய்ய, 1922ஆம் ஆண்டு சுப்பாராவ் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மனைவி அப்போது கருவுற்றிருந்தார். சில ஆண்டுகளில் படிப்பை முடித்துத் திரும்புவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். ஆனால், அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. பிறந்த மகன், தந்தை முகத்தைக் காணாமலேயே குழந்தைப் பருவத்தில் இறந்தான். சுப்பாராவின் வாழ்வில் இறுதிவரை ஆறாத புண்ணாக அது இருந்திருக்க வேண்டும்.

பாஸ்டன் நகரின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் பயிலச் சேர்ந்தார். கையில் இருந்த பணம் விரைவில் கரைந்தது. அவரிடம் இருந்த சான்றிதழைக் கொண்டு அங்கு மருத்துவராகப் பணியாற்ற முடியவில்லை. எனவே, ஒரு மருத்துவமனையில் இரவுநேர ஊழியராகச் சேர்ந்து, நோயாளிகளின் கழிகலங்களைக் கழுவி வயிறு வளர்த்தார். பகலில் படிப்பு, இரவில் துப்புரவுப் பணி என நாள்கள் ஓடின. படிப்பு முடிந்ததும் ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறையில் ஆய்வு செய்யும் வாய்ப்பு கிடைத்தது. அங்கு சைரஸ் ஃபிஸ்கே என்னும் ஆய்வாளருடன் இணைந்து பணியாற்றினார்.

உடலில் பாஸ்பரஸ் என்னும் தனிமம் இருப்பது முன்பே தெரிந்திருந்தது. எலும்பிலும் இரத்தத்திலும் தசையிலும் அது உண்டு. ஆனால், சிறிதளவு இரத்தத்தில் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று துல்லியமாக அளப்பது கடினமாக இருந்தது. ஃபிஸ்கேயும் சுப்பாராவும் இதற்கு எளிய முறை ஒன்றை உருவாக்கினர். குறிப்பிட்ட வேதிப்பொருள்களைச் சேர்த்ததும் கரைசல் நீலநிறமாக மாறும். பாஸ்பரஸ் கூடுதலாக இருந்தால் நீலமும் அடர்த்தியாக இருக்கும். நிறத்தை ஒப்பிட்டே அளவைச் சொல்லிவிடலாம். 1925ஆம் ஆண்டு வெளியான இம்முறை, இருவரின் பெயராலும் ஃபிஸ்கே - சுப்பாராவ் முறை என்று அழைக்கப்படுகிறது. பல தலைமுறை மாணவர்கள் ஆய்வுக்கூடங்களில் இதைக் கற்றனர்.

இந்த அளவுகோல் கைக்கு வந்ததும், உயிருள்ள தசையில் பாஸ்பரஸ் என்ன செய்கிறது என்று இருவரும் ஆராய்ந்தனர். தசை எவ்வாறு இயங்குகிறது என்பதற்கு அன்று ஒரு விளக்கம் நிலவியது. தசையிலுள்ள மாவுச்சத்து லேக்டிக் அமிலமாக மாறும்போது தோன்றும் ஆற்றலே தசையை நேரடியாகச் சுருங்க வைக்கிறது என்பதே அது. இத்துறையில் ஆய்வு செய்த இருவருக்கு 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் வழங்கப்பட்டிருந்தது. சுப்பாராவும் ஃபிஸ்கேயும் தசையில் வேறொரு பொருளைக் கண்டனர். தசை வேலை செய்தபோது அது குறைந்தது. ஓய்வெடுத்தபோது மீண்டும் பெருகியது. 1927ஆம் ஆண்டு அவர்கள் அறிவித்த அப்பொருளே பாஸ்போகிரியேட்டின். ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்திலும் இதைக் கண்டறிந்தனர். பழைய விளக்கம் ஆட்டங்கண்டது.

அடுத்து, 1929ஆம் ஆண்டு இன்னும் பெரிய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. மூன்று பாஸ்பேட் தொகுதிகள் கோத்த ஒரு சேர்மத்தை இருவரும் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். அடினோசின் டிரைபாஸ்பேட் என்பது அதன் பெயர், சுருக்கமாக ஏ.டி.பி. எனப்படும். செருமனியில் கார்ல் லோமன் என்னும் அறிஞரும் அதே ஆண்டு தனியாக இதைக் கண்டறிந்திருந்தார். எல்லா உயிர்களின் உயிரணுக்களிலும் ஆற்றலைக் கொண்டு சேர்க்கும் பொருள் இதுவே என்பது பிறகு உறுதியானது.

ஏ.டி.பி.யின் பணியை ஓர் உவமையால் விளங்கிக்கொள்ளலாம். வங்கியில் ஒருவருக்கு நிறையப் பணம் இருக்கலாம். ஆனால், நெடுஞ்சாலையின் டோல் சாவடியில் அட்டையில் ஏற்றிய பணம் மட்டுமே செல்லும் என்று வைத்துக்கொள்வோம். அட்டையில் பணம் இல்லாவிட்டால் வண்டி நின்றுவிடும். நாம் உண்ணும் சோறு, ரொட்டி, எண்ணெய், பருப்பு எல்லாம் வங்கிப் பணம் போன்றவை. உயிரணு அவற்றை அப்படியே செலவழிக்க இயலாது. அவற்றின் ஆற்றலை ஏ.டி.பி. என்னும் அட்டையில் ஏற்றிக்கொண்ட பிறகே செலவிட முடியும். இதயம் துடிப்பதற்கும், கை அசைவதற்கும், மூளை எண்ணுவதற்கும் ஏ.டி.பி. வேண்டும். உடலில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏ.டி.பி.யின் அளவு மிகச் சிறிது. அதனால் அது நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை செலவாகி, மீண்டும் மீண்டும் நிரப்பப்படுகிறது. இந்த நிரப்பும் வேலையின் பெரும்பகுதி உயிரணுவினுள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகளில் நடைபெறுகிறது. அதற்கு உணவும், மூச்சில் நாம் இழுக்கும் உயிர்வாயுவும் தேவை.

கிந்தா பள்ளத்தாக்கின் புதிருக்கும் இதே காலகட்டத்தில் விடை தெளியத் தொடங்கியது. பெரிபெரிக்கும் அரிசிக்கும் தொடர்பு உண்டு என்பதை மலாய் மாநிலங்களில் பணியாற்றிய மருத்துவர்கள் முன்பே ஐயுற்றிருந்தனர். வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் 1905ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அங்கிருந்த நோயாளிகளை அவர் இரு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவினருக்குச் சயாமிலிருந்து வந்த தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு தரப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு இந்தியப் புழுங்கல் அரிசிச் சோறு தரப்பட்டது. ஓராண்டில் வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டோரில் ஒருவர்கூட அந்நோயால் இறக்கவில்லை. இடத்தில்தான் நோய் இருக்கிறதோ என்று அறிய, இடையில் இரு பிரிவினரின் தங்குமிடங்களையும் அவர் மாற்றிப் பார்த்தார். அப்போதும் வெள்ளை அரிசி உண்டவர்களே நோயுற்றனர்.

நெல்மணியின் தவிட்டில் தயமின் என்னும் உயிர்ச்சத்து இருக்கிறது. இது பி1 என்றும் அழைக்கப்படும். ஆலையில் அரிசியை நன்றாகத் தீட்டும்போது தவிடு நீங்குகிறது. தயமினும் அதனுடன் போய்விடுகிறது. நெல்லை ஊறவைத்து அவித்தால், தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உட்பகுதிக்குள் இறங்குகிறது. பிறகு தீட்டினாலும் அதில் ஒரு பங்கு அரிசியிலேயே தங்கிவிடுகிறது. நெல்லை அவிக்கும் பழக்கம் தமிழ் மக்களிடையே வழிவழியாக வந்தது. அந்தப் பழக்கமே, காரணம் தெரியாத காலத்திலும், தோட்டத் தொழிலாளர்களைப் பெரிபெரியிலிருந்து காத்தது.

தயமினைத் தவிட்டிலிருந்து தூய நிலையில் முதன்முதலாகப் பிரித்தெடுத்தது நம் அண்டை நாட்டில்தான். 1926ஆம் ஆண்டு, இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டாவியாவில் இரு டச்சு அறிஞர்கள் அதைச் செய்தனர். 1936ஆம் ஆண்டு அதைச் செயற்கையாக உருவாக்கும் வழியை இராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர் கண்டறிந்தார். அவரும் சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவரே.

தயமின் இல்லாவிட்டால் உடலுக்கு என்ன நேர்கிறது? சோற்றிலுள்ள மாவுச்சத்து முதலில் சர்க்கரையாகிறது. சர்க்கரை மேலும் சிதைகிறது. அச்சிதைவுப் பொருள் மைட்டோகாண்ட்ரியாவில் எரிந்து ஆற்றலாக மாறும் வழியில் தயமின் உதவி செய்ய வேண்டிய கட்டங்கள் உள்ளன. தயமின் கிடைக்காதபோது அவ்வழி அடைபடுகிறது. உணவு இருந்தும் போதிய ஏ.டி.பி. உருவாவதில்லை. ஓயாமல் ஆற்றலைச் செலவிடும் நரம்பும் இதயமும் முதலில் தளர்கின்றன. சுரங்கத் தொழிலாளியின் கால் மரத்துப்போனதும் இதயம் தளர்ந்ததும் இதனால்தான். அவருடைய வயிறு நிறைந்திருந்தது. உயிரணுக்களோ பட்டினி கிடந்தன.

சுப்பாராவின் ஆய்வு இப்போது உயிர்ச்சத்துகளின் பக்கம் திரும்பியது. 1930ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்ற அவர், ஈரலிலிருந்து எடுக்கும் சாற்றை ஆராயத் தொடங்கினார். இரத்தச்சோகை கண்டவர்களுக்கு ஈரலை உண்ணக் கொடுத்தால் நோய் தணிவதை மருத்துவர்கள் அறிந்திருந்தனர். ஈரலில் உள்ள எந்தப் பொருள் அந்தப் பயனைத் தருகிறது என்பதுதான் தெரியவில்லை. சகோதரர்களைப் பலிகொண்ட ஸ்புரூ நோயிலும் இரத்தம் குன்றியதைச் சுப்பாராவ் கண்டிருந்தார். ஹார்வர்டில் அவர் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் உழைத்தார். ஆயினும் நிரந்தரப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. 1940ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்து ஆய்வகத்தில் சேர்ந்தார். விரைவில் அதன் ஆய்வுத்துறை இயக்குநராக உயர்ந்தார்.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்திருந்தார். அங்கு நெசவாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் பலர் கருவுற்ற காலத்தில் கடும் இரத்தச்சோகையால் வாடினர். காய்கறியும் கீரையும் அவர்களுடைய உணவில் மிகக் குறைவு. ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தபோது அவர்கள் நலமடைவதை லூசி வில்ஸ் கண்டார். ஈஸ்டிலும் ஈரலிலும் கீரையிலும் இருந்த அந்தப் பொருளுக்கு 1941ஆம் ஆண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயரிடப்பட்டது. இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. ஆனால், இயற்கைப் பொருள்களிலிருந்து அதை மிகச் சிறிய அளவிலேயே பிரித்தெடுக்க முடிந்தது. நோயாளிகளுக்குக் கொடுக்க அது போதவில்லை.

சுப்பாராவின் தலைமையில் இயங்கிய ஆய்வுக்குழு இக்குறையைத் தீர்த்தது. ஃபோலிக் அமிலத்தின் அமைப்பைக் கண்டறிந்து, 1945ஆம் ஆண்டு அதைச் செயற்கையாகவே உருவாக்கியது. புதிய உயிரணுக்கள் உருவாக ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. அது குறைந்தால் சிவப்பணுக்கள் ஒழுங்காக உருவாவதில்லை. சிவப்பணுக்கள் குறைந்தால் உயிரணுக்களுக்குச் செல்லும் உயிர்வாயுவும் குறைகிறது. உயிர்வாயு குறைந்தால் ஏ.டி.பி. உற்பத்தியும் தளர்கிறது. இரத்தச்சோகை கண்டவர் சிறு வேலைக்கே களைத்துப்போவது இதனால்தான். புதிய மருந்து பலவகை இரத்தச்சோகைக்கும், ஸ்புரூ நோய்க்கும் பயன் தந்தது. தம் சகோதரர்களின் படுக்கையருகே வெறுங்கையோடு நின்ற மருத்துவர், ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின் அதே நோயில் வாடியவர்களுக்கு ஒரு மருந்தை அளித்தார்.

அவர் அமெரிக்காவில் இப்பணியில் மூழ்கியிருந்த ஆண்டுகளில் மலாயா சப்பானியர் ஆட்சியில் சிக்கித் தவித்தது. அரிசி வரத்து குறைந்தது. ஈப்போ வட்டாரத் தோட்டங்களிலும் பிற இடங்களிலும் மக்கள் மரவள்ளிக்கிழங்கை உண்டு உயிர் வாழ்ந்தனர். மரவள்ளியில் மாவுச்சத்து மிகுதி. தயமினும் புரதமும் குறைவு. சயாம் மரண இரயில்பாதைக்கு அழைத்துச் செல்லப்பட்ட தமிழர்களும் போர்க்கைதிகளும் போதிய உணவின்றியும் நோயாலும் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அங்கும் பெரிபெரி பரவியிருந்தது. அறிவியல் விடையைக் கண்டறிந்துவிட்டது. ஆனால், போர் அந்த விடை மக்களைச் சென்றடையாமல் தடுத்தது.

ஃபோலிக் அமிலத்திலிருந்து சுப்பாராவின் குழு இன்னொரு வழியையும் திறந்தது. புற்றுநோய் உயிரணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுபவை. அவற்றுக்கும் ஃபோலிக் அமிலம் தேவை. அதனைப் போலவே தோற்றமளித்து, அதன் வேலையைத் தடுக்கும் போலிப் பொருள்களை அக்குழு உருவாக்கியது. அமினோப்டெரின் என்பது அவற்றுள் ஒன்று. பாஸ்டன் நகரின் குழந்தை மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தார். அவர்களுள் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948ஆம் ஆண்டு வெளியான இச்செய்தி, மருந்தால் இரத்தப் புற்றுநோயை எதிர்க்க முடியும் என்ற நம்பிக்கையை விதைத்தது. இதே வரிசையில் வந்த மெத்தோடிரெக்சேட் இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. யானைக்கால் நோய்க்கான மருந்து ஒன்றையும் அவரது ஆய்வகம் உருவாக்கியது. ஆரியோமைசின் என்னும் நோய்க்கொல்லி மருந்து வெளிவந்ததும் அவர் ஆய்வுத்துறையை வழிநடத்திய காலத்தில்தான்.

இத்தனை பணிகளுக்கிடையே 1948ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சுப்பாராவ் மாரடைப்பால் உறக்கத்திலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 53. புகழை நாடாத அவர், கண்டுபிடிப்புகளை அறிவிக்கும் மேடைகளில் தம் குழுவினரையே முன்னிறுத்தினார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் பிறந்த நூற்றாண்டான 1995இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

சுப்பாராவ் கண்டறிந்தவை இன்று ஒவ்வொருவர் உடலிலும் இயங்கிக்கொண்டிருக்கின்றன. பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஒரு மாணவி நூறு மீட்டர் ஓட்டத்துக்குத் தயாராக நிற்கிறாள். ஒலி கேட்டதும் பாய்கிறாள். முதற்சில நொடிகளில் அவளுடைய தசையில் செலவாகும் ஏ.டி.பி.யை உடனுக்குடன் நிரப்புவது பாஸ்போகிரியேட்டின். அந்த இருப்பு சில நொடிகளிலேயே தீரத் தொடங்கும். அதற்குமேல் அவள் ஓடுவதற்கும், பிறகு களைப்பு நீங்கி வகுப்பில் அமர்ந்து படிப்பதற்கும் தேவையான ஆற்றல், அவள் உண்ட உணவிலிருந்தே வர வேண்டும். வெறும் வெள்ளைச் சோறும் இனிப்பு நீரும் வயிற்றை நிரப்பும். அந்த மாவையும் சர்க்கரையையும் ஆற்றலாக மாற்றப் பருப்பு, பயறு, முட்டை, மீன், தவிடு நீங்காத தானியம் ஆகியவற்றிலுள்ள சத்துகள் துணை நிற்க வேண்டும். கீரையும் காய்கறியும் புதிய குருதியணுக்கள் உருவாக உதவ வேண்டும்.

பீமாவரத்துச் சிறுவன் ஒருவன், தன் குடும்பத்தை நோயும் சத்துக்குறைவும் சிதைத்ததைக் கண்டான். வளர்ந்து, வாழ்நாள் முழுவதையும் அதற்கான விடையைத் தேடுவதில் செலவிட்டான். அதற்காக அவன் கொடுத்த விலை பெரிது. மனைவியைப் பிரிந்தான், மகனைக் காணாமலேயே இழந்தான், பிறந்த மண்ணுக்குத் திரும்பவில்லை. அவன் தேடிப் பெற்ற அறிவு இன்று உலகின் எல்லா மருத்துவமனைகளிலும் நோயாளிகளுக்குத் துணையாக இருக்கிறது. கிந்தாவின் சுரங்கங்களில் வயிறார உண்டும் மடிந்தவர்களின் காலத்தில் அந்த அறிவு இருந்திருந்தால், அவர்களுள் பலர் உயிரோடு ஊர் திரும்பியிருப்பார்கள்.